மேற்படி

விடுதிக் கதவு ஆறு மணிக்குத்தான் திறக்கும்.
பனித்தளம் எனக்கு ஐந்துக்கு.
ஆறேகாலுக்கு ஹாக்கிப் பையன்கள் வந்துவிடுவார்கள்.
அவர்கள் உழுதுபோட்ட தரையில் எவள் தாவுவாள்?
ஆகவே நாலரைக்கு
ஃபாய்னா செம்யோனொவ்னாவை எழுப்புகிறேன்.
அவரோடு நாற்காலியும் முனகி எழுகிறது.
முதலில் சாவிக்கொத்து. அப்புறம் பதிவேடு.

பெயர்: கம்ஷாத்.
அறை: நானூற்றுப் பதினேழு.
நேரம்.
காரணம்.

செப்டம்பரில் முழுசாக எழுதினேன்:
பனிச்சறுக்குப் பயிற்சி, போட்டிப் பிரிவு.
கோடு தாண்டாத கையெழுத்து.
அக்டோபரில் பயிற்சி என்று மட்டும்.
முதல் பனி விழுந்த வாரத்திலிருந்து
மேற்படி.
மேற்படி.
மேற்படி.
பக்கத்தைப் புரட்டினால் மேலே ஒன்றுமில்லை,
அங்கேயும் மேற்படி.

அல்மாத்தியில் மேலே என்றால் மலைப்பக்கம்.
பேருந்து வராத நேரத்தில்
நிலக்கரிப் புகைக்குள் மேலே நடக்கிறேன்.
முதுகுப்பையில் ஒன்றையொன்று இடிக்கின்றன
உறைபோட்ட இரண்டு கத்திகளும்
ஹைட்ராலிக்ஸ் புத்தகமும்.

இரண்டரைச் சுற்று.
அந்த அரைதான் ஆளைக் கொல்கிறது.
இரண்டு வரை காற்று என்னுடையது,
பிறகு இடுப்பு தரையைச் சந்திக்கிறது.
தட்டளவு கன்றல், பீட்ரூட் நிறம்.
நேற்றையதன் ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது,
அதன்மேலேயே இன்றையது.
"இன்னொன்று" என்கிறார் பயிற்சியாளர்.
அவருக்கு வேறு சொல் தெரியுமா என்று
எனக்கு இன்னும் தெரியாது.

எட்டரைக்கு வகுப்பு.
ஈரத்தலை, கையில் கையுறைத் தோலின் வாடை.
சுழல்கிறவர் கைகளை ஒடுக்கினால்
வேகம் கூடுவது ஏன் என்று
விரிவுரையாளர் படம் வரைந்தார்.
அறுபது தலைகள் என் பக்கம் திரும்பின.
தேர்வில் அதே கேள்வி வந்தது.
எனக்குப் பாதி மதிப்பெண்.
உடம்புக்குத் தெரிந்ததை அது
பேனாவிடம் சொல்லிவைக்கவில்லை.

அறையில் ஆல்பினாவும் மஹிராவும்
என்னை விருந்தாளி என்கிறார்கள்.
ஒன்பதரைக்கு நான் படுத்தபின்தான்
அந்த அறையில் எல்லாம் நடக்கிறது.
மஹிராவின் பிறந்தநாள் கேக்கை
விடிகாலை நாலு மணிக்கு,
ஜன்னலோரம் மூடிவைத்த தட்டிலிருந்து
நின்றுகொண்டே தின்றேன்.
யாரோ ஒருவனைப் பற்றி ஆல்பினா இரண்டு மாதம் அழுதாளாம்.
அவள் கண் துடைத்து முடித்த பிறகுதான்
அவன் பெயரே எனக்குத் தெரிந்தது.

ஜனவரி பதினெட்டு கரகண்டாவில் போட்டி.
ஜனவரி பதினெட்டு ஹைட்ராலிக்ஸ் வாய்மொழித் தேர்வு.
கடிதத்தோடு டீனின் முன் நின்றேன்.
மேலிருந்து கீழாகப் படித்தார்,
கீழிருந்து மேலாக என்னைப் பார்த்தார்.
"எத்தனையாவது வருவாய்?"
"பதினோராவது," என்றேன்.
பொய் சொல்லியிருக்கலாம். ஏழு என்றாவது.
"பதினோராவது இடத்துக்காகவா?"
கிண்டல் இல்லை அந்தக் குரலில்,
அதுதான் தாங்கவில்லை.
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.
கையெழுத்துப் போடவில்லை, மறுக்கவும் இல்லை.
கடிதத்தைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் நாலரை.
பெயர் எழுதினேன். அறை எழுதினேன். நேரம் எழுதினேன்.
நாலாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
மேலே பார்த்தேன், எழுபது எண்பது மேற்படிகள்,
எல்லாம் என் கையெழுத்து,
எதைச் சொல்கின்றன என்று ஒன்றுக்கும் தெரியவில்லை.
விழும்போது முகத்தில் அடிக்கும் குளிரை
எழுதுவதா?
விழாமல் இறங்கிய அந்த ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையை?
அன்று யாரும் பார்க்கவில்லை,
பயிற்சியாளர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

"கதவு திறந்திருக்கிறது, பெண்ணே,
மொத்தக் குளிரும் உள்ளே வருகிறது,"
என்று ஃபாய்னா செம்யோனொவ்னா பேனாவைப் பிடுங்கி
கண்ணாடிகூடப் போடாமல்
கோணல்மாணலாகக் கிறுக்கினார்:
மேற்படி.

தெருவோர வாய்க்கால்கள் உறைந்துகிடந்தன.
மேலே நடந்தேன்.
பாதி வழியில்தான் உறைத்தது,
பை ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று.
ஹைட்ராலிக்ஸ் கட்டிலிலேயே கிடக்கிறது.